ஊரில் கடை இருக்கிறது

சென்னையில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அதற்குள் மூன்று கம்பெனி மாறினேன். மூன்றிலும் டீ குடிக்கப் போனால் ஒரே பேச்சுதான். எந்த டீமில் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அடுத்து யாரை அனுப்புவார்கள். பேச்சு அங்கிருந்து மெல்ல நகர்ந்து, தன்னை அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்பதில் வந்து நிற்கும். ஒருவர் பி.எட். முடித்து வைத்திருந்தார். இன்னொருவர் இட்லி மாவுக் கடை போட இடம் பார்த்திருந்தார். என் பக்கத்து இருக்கைப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் மணப்பெண் அலங்காரம் கற்றுக்கொண்டிருந்தாள். அவர்கள் எல்லாம் கிடைத்த நேரத்தில் பாடுபட்டுத் தங்களுக்கென்று இன்னொரு வழியை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். என் முறை வரும்போது நான் சிரித்துக்கொண்டே சொல்வேன்:

"எனக்கு இன்னா, ஊர்ல கடை இருக்கு."

கொடுத்து வைத்தவன் என்பதுபோலப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

கடை என்றால் கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில், அப்பா ஆரம்பித்த பம்ப்செட் கடை. கிணற்று மோட்டார்கள், பைப்புகள், அவற்றுக்கான உதிரி பாகங்கள். சுற்றுவட்டார விவசாயிகளும் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும்தான் வாடிக்கை. பள்ளிக்கூட விடுமுறையில்கூட நான் அங்கே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்ததில்லை. கிரீஸ் வாடை எனக்கு ஆகாது. ஆனாலும் அது எனக்கான கடை என்பதில் எனக்குச் சந்தேகமே வந்தது கிடையாது. அப்பாவுக்கும் கிடையாது.

அதை எட்டு வருடமாக நடத்திக்கொண்டிருந்தவள் என் தங்கை.

அவள் கடைக்கு வந்ததற்கும் நான்தான் காரணம். பைப் அடுக்கிவைத்த பரணிலிருந்து அப்பா விழுந்து முதுகெலும்பு நொறுங்கிய வருடம் அது. நான் லேப்டாப்புடன் வந்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கடையை மூடி, சரக்கை யாருக்காவது தள்ளிவிடலாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். எனக்குத்தான் பகீரென்றது. அந்த வருடம் எங்கள் கம்பெனியில் ஒரு மாடியையே காலி செய்திருந்தார்கள். கடை போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

தங்கை அப்போது எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்து, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டில் தங்கியிருந்தார்கள். வேலையை நிரந்தரமாக்கப்போகிறார்கள் என்று அப்போதுதான் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன்.

"கொஞ்ச நாளைக்கு நீ வந்து கடையைப் பாத்துக்கயேன். அப்பா எழுந்துட்டா நீ திரும்பிப் போயிடலாம்."

"என் வேலை இன்னா ஆவும்ணா?"

"டிப்ளமா இருக்குது உனக்கு. எங்க வேணா கெடைக்கும். கடை போச்சுன்னா திரும்பி வருமா?"

அவள் சரியென்றாள். அப்பா எழுந்தார், ஆனால் கடையில் உட்காரும் அளவுக்கு எழவில்லை. கொஞ்ச நாள் எட்டு வருடமானது. இடையில் அவளுக்குக் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. மாப்பிள்ளை உள்ளூரில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி வீடு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் ஊருக்குப் போகும்போது கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவேன். ரேக்குகளை மாற்றியிருப்பாள். மோட்டார்களைச் சோதித்துப் பார்க்கத் தனியாக ஒரு மேசை போட்டிருப்பாள். "நல்லா வெச்சிருக்க" என்பேன். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தால் வீட்டுக்காரர் சொல்வதுபோலத்தான் சொல்லியிருக்கிறேன். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒருமுறை பயிற்சி வகுப்பு ஒன்று வைத்தார்கள். ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, இந்த வேலை இல்லையென்றால் என்ன செய்வீர்கள், அதற்காக இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். முதல் கேள்விக்கு "குடும்பத் தொழில்" என்று எழுதினேன். இரண்டாவது கேள்விக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல், "கடையைத் தொடர்ந்து நடத்திவர ஏற்பாடு செய்திருக்கிறேன்" என்று எழுதினேன். வகுப்பு எடுத்தவர் அதை எல்லோருக்கும் வாசித்துக்காட்டி, முன்யோசனை என்றால் இதுதான் என்றார். நான் கூச்சப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு எனக்கும் அந்த நாள் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வீட்டிலிருந்தபடியே ஒரு வீடியோ அழைப்பு. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. புரோகிராம்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அதை இனி இயந்திரமே செய்துவிடும் என்றார்கள். நான்கைந்து மாதம் வேறு வேலை தேடினேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டவர்கள் எல்லாம் என்னைவிடப் பத்து வயது சிறியவர்கள். கடைசியில் ஒருநாள் மனைவியிடம், ஊருக்குப் போய்க் கடையைப் பார்த்துக்கொள்கிறேன், பையனின் பள்ளி வருடம் முடியட்டும், பிறகு நீங்களும் வாருங்கள் என்றேன்.

"உங்க தங்கச்சிகிட்ட கேட்டீங்களா?" என்றாள் அவள்.

"அவகிட்ட எதுக்குக் கேக்கணும்? அப்பா கடை அது."

அந்தப் பதிலைச் சொன்ன என் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கொஞ்சம்கூட யோசிக்காமல் வந்த குரல்.

நான் ஊருக்குப் போன அன்று தங்கை கடைத் தரையில் குந்தியபடி ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கை முழங்கை வரை கறுப்பு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாண்ணா! லீவா? எத்தினி நாள் இருப்ப?"

"இருப்பேன் கொஞ்ச நாளு" என்றேன். வேலை போனதை அவளிடம் நான் சொல்லவில்லை. அப்பா சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பா அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை எட்டரைக்கே கடைக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, மேசைக்குப் பின்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு அவள் ஒன்பது மணிக்கு வந்தாள். வாசற்படியில் ஒரு நொடி நின்றாள். மூலையில், மோட்டார் பிரிக்கும்போது போட்டுக்கொள்ளும் மரஸ்டூல் ஒன்று கிடந்தது. அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த ஒரு நிமிடத்தில் கடை கைமாறிவிட்டது.

அதன்பிறகு நான் செய்ததையெல்லாம் சீர்திருத்தம் என்று நினைத்துக்கொண்டுதான் செய்தேன். ரேக்குகளுக்கு நம்பர் ஒட்டினேன். கம்ப்யூட்டரில் பில் போட ஆரம்பித்தேன். கடை போன் எட்டு வருடமாக அவள் கையிலேயே இருந்தது. பில்லோடு அதை இணைக்க வேண்டும் என்று கேட்டேன். அவள் போனைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"காலைல மலைக்காரங்க கூப்புடுவாங்கண்ணா. மோட்டார் பக்கத்துல போனை வெப்பாங்க. சத்தத்தைக் கேட்டுச் சொல்லணும்."

உண்மைதான். தினம் இரண்டு மூன்று அழைப்பு அப்படி வரும். எடுத்தால் முதலில் ஒரு இரைச்சல். பிறகு யாராவது, "கேட்டுச்சாம்மா?" என்பார்கள். என் குரலைக் கேட்டதும், "அந்த அம்மா இல்லீங்களா?" என்பார்கள். கடைக்கு நேரில் வருகிறவர்களும் என்னைத் தாண்டி ஸ்டூலைத்தான் பார்ப்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது யோசித்தால் அது வெறும் எரிச்சல் இல்லை, பொறாமை. போனில் கேட்பவர்களிடம், "மோட்டாரைக் கடைக்கு எடுத்துக்கினு வாங்க" என்று ஒரே பதிலைச் சொல்லி வைத்துவிடுவேன்.

நான் வந்த நான்காவது மாதம், மலைமேலுள்ள வெள்ளிமலை ஊருக்கு அப்பாலிருந்து ஒருவர் அப்படித்தான் வந்தார். ஐம்பது வயதிருக்கும். காட்டுப் பாதையில் தோளில் தூக்கிவந்து, பஸ் ஏற்றி, மறுபடி பஸ் ஸ்டாண்டிலிருந்து தோளிலேயே மோட்டாரைக் கொண்டுவந்திருந்தார். சட்டையின் தோள்பட்டை கிழிந்திருந்தது. தங்கை அன்று குழந்தையின் பள்ளிக் கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

"உர்ருன்னு உறுமுது சாமி, சுத்த மாட்டேங்குது. அந்த அம்மா வர்ற வரைக்கும் இருக்கட்டுங்களா?"

"நானே பாக்கறேன்" என்றேன்.

மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். உறுமியது. சுற்றவில்லை. லேசாகச் சூடான வாடை வந்த மாதிரி இருந்தது. உள்ளே கம்பி சுற்றிய காயில் எரிந்துவிட்டது, இனி இதற்குச் செலவு செய்வது வீண், புதியது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லியிருந்தால் அவளே வந்திருப்பாள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புதிய மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் போனார். பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது. புது மோட்டார் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் மேலே ஏறவில்லை என்றார். அவருடைய கிணறு பள்ளத்தில், நிலம் மேட்டில். நான் கொடுத்தது சமதளத்துக்கான மோட்டார். தண்ணீர் நிறையத் தரும், உயரத்துக்குத் தள்ளாது. விற்கும்போது அதை நான் கேட்கவே இல்லை. "பைப்புல அடைப்பு இருக்கும், பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன்பிறகு அவர் நம்பர் வரும்போதெல்லாம் எடுக்காமல் விட்டேன். போன் அடித்து அடித்து ஓயும்வரை ரேக்கில் எதையாவது தேடுவதுபோல் நிற்பேன்.

ஒருநாள் மதியம் நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது தங்கை போனில் பேசிக்கொண்டிருந்தாள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தேன். "சரிங்க... சரிங்க... நான் வர்றேன்" என்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆறு நாளா கூப்புட்டுக்கினு இருக்காராம். நீ எடுக்கலையாண்ணா?"

"சிக்னல் இல்ல போல."

அவள் கையிலேயே போன் இருந்தது. விட்டுப்போன அழைப்புகளின் வரிசை அவள் கண்ணெதிரில் இருந்தது. அதை ஒருமுறை பார்த்தாள், பிறகு போனை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். நாற்பது வயதில் தங்கையிடம் பொய் சொன்னேன், அது பொய்யென்று தெரிந்தும் அவள் காட்டிக்கொள்ளாமல் விட்டாள். ஏதாவது திட்டியிருந்தால் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

மூலையில் கிடந்த அவருடைய பழைய மோட்டாரை மேசைமேல் தூக்கி வைத்தாள். மின்சாரம் கொடுத்தாள். உறுமியது. ஒரு குச்சியை எடுத்து, பின்னாலிருந்த விசிறியை லேசாகத் தள்ளிவிட்டாள். மோட்டார் சட்டென்று பிடித்துக்கொண்டு முழுவேகத்தில் சுற்றியது.

"காயில் நல்லாத்தான் கீது. கண்டென்சர் போயிருக்கு" என்றாள்.

மோட்டாரைக் கிளப்பிவிடுகிற சின்ன டப்பி அது. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியது. எங்கள் கடையில் ஒரு பெட்டி நிறைய இருந்தது. ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட்டாள்.

மறுநாள் காலை அவளுடைய ஸ்கூட்டரிலேயே கிளம்பினோம். நானும் வருகிறேன் என்று நான்தான் சொன்னேன். மோட்டாரைக் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு அவள் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, பரிகத்தில் மலைப்பாதை ஆரம்பித்தது. வளைவுகளில் எதிரே வந்த மினி பஸ் டிரைவர் அவளைப் பார்த்து ஹாரன் அடித்துக் கையாட்டினார். வெள்ளிமலையில் டீக்கடைக்காரர், "மோட்டாரம்மா, எங்க இந்தப் பக்கம்?" என்றார். யாரும் என்னை யாரென்று கேட்கவில்லை. அவளே ஒவ்வொரு இடத்திலும், "எங்க அண்ணன், மெட்ராஸ்ல இருந்து வந்திருக்காரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவர் வீட்டுக்குக் கடைசி அரை மைல் நடந்துதான் போக வேண்டும். அங்கே மோட்டாரை நான் தூக்கினேன். இரண்டு இடத்தில் இறக்கி வைத்தேன். இதைத்தான் அவர் நான் சொன்னேன் என்பதற்காகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

மேட்டில் மிளகாய் நாற்று விட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் வாடி, வெளுத்துச் சாய்ந்துகிடந்தது. மீதிக்கு அவர் மனைவி கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்கும் மேலாக அப்படித்தான் ஊற்றியிருக்கிறார். எங்களைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தங்கையே பேசிவிட்டாள்.

"எங்க கடையில தப்பு நடந்துபோச்சுங்க. நான் இருந்து பாத்திருக்கணும். புது மோட்டாரை நாங்க எடுத்துக்கினு பணத்தைத் திருப்பிக் குடுத்துடறோம். உங்க மோட்டாரே இன்னும் நாலு வருசம் ஓடும்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. "அதனால இன்னா, ஓடுனா சரிதான்" என்றார். பழைய மோட்டாரைப் பொருத்தி ஸ்விட்ச் போட்டதும் பைப்பின் வாயில் தண்ணீர் ஒருமுறை துப்பிவிட்டுப் பிறகு கனமாகக் கொட்டியது. அவர் மனைவி ஓடிப்போய் வாய்க்காலைத் திருப்பிவிட்டார்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்றார்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். வாடிய நாற்றுக்குக் காரணமான நான் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து இரண்டாவது தடவையும் சோறு வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் அவர் மனைவி தங்கையிடம் கேட்டார்:

"எப்பதான் கண்ணு இங்க கடை தொறப்ப? ரெண்டு வருசமா சொல்லிக்கினு இருக்க."

தங்கை சோற்றைப் பிசைந்தபடி, "பாக்கலாம்க்கா" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

இறங்கி வரும்போது ஒரு வளைவில், பிரேக் ஆறட்டும் என்று வண்டியை நிறுத்தினாள். கீழே அணையின் தண்ணீர் தெரிந்தது. நான் கேட்டேன்.

"இங்க கடை போடப் போறியா?"

"வெள்ளிமலை பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு ரூம் சொல்லி வெச்சிருக்கேண்ணா."

"ரெண்டு வருசமாவா? நான் வந்தே நாலு மாசந்தானே ஆவுது?"

"நீ வருவேன்னு தெரியுமில்ல."

"எப்படித் தெரியும்?"

"போன்ல நியூஸ் பாப்பேன். ஐ.டி. கம்பெனில ஆளுங்கள அனுப்புறாங்கன்னு போடுவான். போடும்போதெல்லாம், சரி, இந்த வருசம் அண்ணன் வந்துடும்னு நெனச்சுக்குவேன். வந்தா நான் இன்னா பண்றதுன்னு ஒரு யோசனை வேணும் இல்ல?" அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "அப்பாதான் மொதல்லயே சொல்லிட்டாரே. இது அண்ணன் கடை, நீ பாத்துக்கினு இரு, அவ்ளோதான்னு."

நான் சென்னையில் கவலையில்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்த வருடங்களில், என் வேலை போய்விடுமோ என்று செய்தி பார்த்துப் பயந்துகொண்டிருந்தவள் அவள். என் வேலை போனால் போகப்போவது அவளுடைய வேலை. எனக்கு அது ஒருமுறைகூடத் தோன்றவில்லை. ஒரகடத்து வேலையை விட்டபோது அவளுக்கு நான் சொன்ன "கொஞ்ச நாள்" அவளைப் பொறுத்தவரை முடியவே இல்லை. எப்போது முடியும் என்று எட்டு வருடமும் காத்திருந்திருக்கிறாள்.

"நீயே கடையைப் பாத்துக்க, நான் வேற வழி பாக்கறேன்." இந்த வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. அடுத்த வளைவில் சொல்லலாம் என்று நினைத்தேன். பரிகத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது அவள் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். மகள் கணக்கில் முதல் மார்க் வாங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சியும் வந்துவிட்டது.

மூன்று நாள் கழித்து அப்பாவிடம் பேசினேன். அந்த அளவுக்காவது பேசினேன். கடையைத் தங்கை பேருக்கு எழுதிவிடலாம், அவள்தான் நடத்தத் தெரிந்தவள் என்றேன். அப்பா கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"பொண்ணு பேருக்கு எழுதினா மாப்பிள்ளை வூட்டுக்குப் போயிடும். உனக்குன்னுதான்டா வெச்சிருக்கேன். வேலை போயி வந்து நிக்கற, உன் பொழப்பைப் பாரு மொதல்ல."

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அப்பா மறுத்ததும் எனக்கு வந்தது நிம்மதி. வருத்தம் அல்ல, கோபம் அல்ல. நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி அப்படியொரு நிம்மதி. இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருந்தால்கூட அப்பா இறங்கி வந்திருப்பார், அவர் அப்படிப்பட்டவர்தான். நான் "சரிப்பா" என்றேன்.

தங்கையிடம் போய், "அப்பா ஒத்துக்கல" என்று சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"நீ கேட்டியே, அதே போதும்ணா" என்றாள்.

தை மாதம் அவள் வெள்ளிமலையில் கடை திறந்தாள். ஒரே அறை. வாசலில் தகரச் சார்ப்பு. காலையில் மாப்பிள்ளை குழந்தையைக் கவனித்துக்கொள்வார். இவள் முதல் பஸ்ஸில் மேலே போய் மாலையில் இறங்குவாள். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் அங்கேயே யார் வீட்டிலாவது தங்கிவிடுவாள். மலைக்காரர்கள் கள்ளக்குறிச்சிக்கு மோட்டார் தூக்கி வருவது நின்றது. எங்கள் கடைக்கு அவர்கள் வருவதும் நின்றது. சமவெளிக்காரர்கள் சிலரும் அவளுடைய புது நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நான் எழுதிக் கொடுத்தேன். ரேக்குகளில் நான் ஒட்டிய நம்பர்கள் பளிச்சென்று இருந்தன. பைப்பும் வயரும் வாங்க வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் வரவில்லை.

மனைவியும் பையனும் சென்னையிலேயே இருக்க, ஒன்றரை வருடம் அப்படி ஓட்டினேன். பிறகு பழைய நண்பர் ஒருவர் மூலம் சென்னையில் ஒரு வேலை வந்தது. ஒப்பந்த வேலை. ஒரு வருடத்துக்கு மேல் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. உடனே சரியென்றேன். அப்பாவுக்கும் இப்போது வேறு வழி தெரியவில்லை. "தங்கச்சியையே கூப்புட்டுக் கேளு" என்றார்.

போனில் கேட்க வாய் வரவில்லை. நேரில் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவள் கடை வாசலில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அவள் ஒரு மேசைக்குப் பின்னால் நின்று மோட்டார் ஒன்றுக்கு வயர் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், எப்போதும்போல, முகம் மலர்ந்தது. டீ சொல்லி அனுப்பினாள். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கீழே கடையை நீயே எடுத்துக்கொள், அப்பாவும் சம்மதித்துவிட்டார், இனி தினம் மலையேற வேண்டாம், குழந்தை பக்கத்திலேயே இருக்கும் என்றேன். அவளுக்கு நல்லது செய்கிற குரலில்தான் பேசினேன்.

அவள் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம்ணா."

"ஏம்மா? உன் கையால வளந்த கடை."

"நீ திரும்பி வந்தா?"

அதில் குத்தல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். வர மாட்டேன் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். ஒரு வருட ஒப்பந்தத்தோடு போகிறவன் எதை வைத்து அதைச் சொல்வது? ஒரு பெண் ஸ்விட்ச் பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார். தங்கை, "கொஞ்சம் தள்ளி நில்லுண்ணா" என்றாள். தள்ளி நின்றேன். இரண்டரை மணி பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

தங்கையிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அன்று மலைக்குப் போனேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கடைச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போய்விடலாம் என்றுதான் போனேன். சாவி பேண்ட் பாக்கெட்டிலேயே இருந்தது. அதை வெளியே எடுக்கக்கூட இல்லை.